ஸ்லோவாக்கியாவில் பறக்கும் காரின் வழித்தடம்

ஜூன் 8, 2025, ஞாயிறு: பிராட்டிஸ்லாவா

விமான நிலையத்துக்கு மிலான் ரஸ்திஸ்லாவ் ஷ்டெஃபானிக் பெயரை வைத்திருக்கிறார்கள். வானியலாளர், பிரெஞ்சுப் படையில் விமானி, பிறகு தளபதி, செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு உருவாகப் பாடுபட்ட மூவரில் ஒருவர். 1919 மே 4 அன்று இத்தாலியிலிருந்து கப்ரோனி விமானத்தில் ஊர் திரும்பும்போது, இந்த நிலையத்தை ஒட்டிய இவான்கா கிராமத்தருகே விழுந்து இறந்தார்.

இதே நிலையத்தில்தான் 2021 ஜூன் 28 காலை, நித்ரா நகரிலிருந்து 35 நிமிடம் பறந்து வந்த ஏர்கார் என்ற பறக்கும் கார் இறங்கியது. ஓட்டியவர் அதை வடிவமைத்த ஷ்டெஃபான் க்ளைன். இறங்கியதும் பொத்தானை அழுத்தினார், 3 நிமிடத்துக்குள் இறக்கைகள் மடங்கி வால் உள்வாங்கியது, வண்டி அப்படியே நகரத்துக்குள் சாலையில் போனது. சோதனை ஊர்தியின் 142-ஆவது இறக்கம் அது. பறந்தது அதிகாலை 6 மணி வாக்கில். கோடையில் தரை சூடேறுவதற்கு முன் காற்று அசையாமல் கிடக்கும். சோதனைப் பறத்தலுக்கு அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

61-ஆம் எண் பேருந்து ரயில் நிலையம் வரை போகிறது. வெயில் 29 டிகிரி. பழைய நகரில் ஒரு கடையில் ப்ரின்ட்ஸோவே ஹலுஷ்கி: உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து கொதிநீரில் உதிர்த்த சிறு உருண்டைகள், மேலே செம்மறிப்பால் சீஸ், அதன்மேல் வறுத்த பன்றிக் கொழுப்பு. 9 யூரோ. கொழுப்பு வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையேல் கேட்காமலே போட்டுவிடுவார்கள். உடன் கோஃபோலா என்ற உள்ளூர் கோலா, இனிப்பு குறைவு, மூலிகை வாசம் தூக்கல். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகும்போது முன்பின் தெரியாத நம்மைப் பார்த்து "தோப்ரூ ஹூச்" என்று நன்றாகச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போகிறார். லிஃப்டில் ஏறினாலும் கடைக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்லாதவர்களை இங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்: நித்ரா

ம்லின்ஸ்கே நிவி பேருந்து நிலையம் ஒரு பேரங்காடிக்கு அடியில் இருக்கிறது. நித்ரா வரை சுமார் 90 கி.மீ., கட்டணம் 6 யூரோவுக்குள், ஒன்றேகால் மணி நேரம். நகருக்குள் நுழையுமுன் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலை தெரிகிறது, 2018-இல் திறந்தது. பிராட்டிஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், ஜிலினாவில் கியா, த்ர்னாவாவில் பியூஜோ, சித்ரோயன். ஏறக்குறைய 54 லட்சம் மக்கள்தொகை உள்ள நாடு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கார்கள் செய்கிறது. தலைக்கு இத்தனை கார் என்ற கணக்கில் உலகிலேயே முதலிடம். க்ளைன் பிராட்டிஸ்லாவா நுண்கலைக் கழகத்தில் ஊர்தி வடிவமைப்பு கற்பித்தவர். காரும் விமானமும் தெரிந்த கைகள் இந்தச் சிறு நிலப்பரப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்ததால்தான் இந்த முயற்சி இங்கே வேரூன்றியது.

பறக்கும் காரின் முதல் சிக்கல் எடை. செஸ்னா 152 என்ற இரண்டிருக்கை பயிற்சி விமானம் ஆளும் எரிபொருளும் ஏறிய பிறகும் 757 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏர்கார் சோதனை ஊர்தியின் எடை 1,100 கிலோ, அதற்கு மேல் ஏற்றக்கூடியது 200 கிலோ. இரண்டு பெரியவர்களும் ஒரு கைப்பையும் என்று வைத்துக்கொள்ளலாம். கூடுதல் எடை எங்கிருந்து வருகிறது? சாலைக்கான நான்கு சக்கரத் தொங்கமைப்பு (சஸ்பென்ஷன்), டிஸ்க் பிரேக்குகள், முட்டுத் தாங்கிகள், பக்கக் கண்ணாடிகள், கியர் பெட்டி, கதவுச் சட்டங்கள், கண்ணாடியில் படியும் ஈரத்தை விரட்டும் ஊதுகுழாய். வானத்தில் இவற்றில் ஒன்றுக்கும் வேலையில்லை. சாலையில் போகும்போது இறக்கைக்கும் வாலுக்கும் வேலையில்லை. இரண்டையும் எப்போதும் சுமந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு முன் இரண்டு பேர் இரண்டு வழியில் தப்பப் பார்த்தார்கள். ராபர்ட் ஃபுல்டனின் ஏர்ஃபிபியன் (1950-இல் சான்றிதழ் பெற்றது) இறக்கையையும் வாலையும் விமானத் திடலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகும். வழியில் மழை என்று இறங்கிச் சாலையில் போய்விட்டால், பிறகு திரும்ப வந்து அந்த இறக்கையை எடுத்தாக வேண்டும். மோல்ட் டெய்லரின் ஏரோகார் (1956-இல் சான்றிதழ்) இறக்கைகளை மடித்து டிரெய்லராகப் பின்னால் இழுத்துச் செல்லும். ஒரே ஆள் 5 நிமிடத்தில் மாற்றிவிடலாம். பொறியியலாகப் பார்த்தால் ஏரோகார் இன்றைக்கும் மரியாதைக்குரிய வேலை: எஞ்சின் நடுவில், சுழலி வாலின் கடைக்கோடியில், இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டு முறுக்கதிர்வில் நடுங்கியது. எஃகுத் துகள் நிரப்பிய ஒரு உலர் இணைப்பியைப் பொருத்தித்தான் டெய்லர் அதை அடக்கினார். ஆனால் 500 பேர் வாங்க முன்வந்தால் தொழிற்சாலையில் செய்யலாம் என்ற ஒப்பந்தத்தில் பாதிப் பேர்தான் தேறினார்கள்.

மதியம் 'தென்னே மெனு' என்ற அன்றைய சாப்பாடு: பூண்டு சூப், பொரித்த சீஸ், உருளைக்கிழங்கு, 8 யூரோ. சைவக்காரர்களுக்குப் பொரித்த சீஸை விட்டால் இங்கே வேறு வழி குறைவு. மாலையில் சாலையோரம் பெட்டி போட்டு செர்ரி விற்கிறார்கள். கொஞ்சம் எடுத்துச் சுவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போடுகிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்: யானிகோவ்ட்ஸே விமானத் திடல்

நித்ராவின் தென்கிழக்கு ஓரத்தில் யானிகோவ்ட்ஸே. ஏர்கார் கண்ணில் படவில்லை. பறக்கும் நாளும் நேரமும் வானிலையைப் பொறுத்தவை, அறிவிப்பு வைத்துப் பறப்பதில்லை. அதற்குப் பதில் கண்ட ஒன்று பறக்கும் காரைப் புரிந்துகொள்ள அதைவிட உதவியது: கிளைடர் கிளப்காரர்கள் டிரெய்லரிலிருந்து ஒரு கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானம்) இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் இறக்கை நுனியைப் பிடிக்க, மற்றவர் வேர்ப்பகுதியை உடற்பகுதிக்குள் செலுத்துகிறார். மையத்தில் இரண்டு இறக்கைகளின் தண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று வந்ததும் கிரீஸ் தடவிய முதன்மை ஊசி உள்ளே போகிறது. ஊசிக்குப் பாதுகாப்புப் பூட்டு. பிறகு இறக்கையின் பின்னோரத்தில் அசையும் எய்லரான் தகடு, வேகத்தடைத் தகடு, கிடைமட்ட வால் ஒவ்வொன்றின் இணைப்பும். எல்லாம் முடிந்ததும் ஒருவர் வெளியே நின்று ஒவ்வொரு அசையும் பரப்பையும் கையால் அழுத்திப் பிடிக்கிறார், உள்ளே இருப்பவர் கட்டுப்பாட்டுக் கம்பியை எதிர்த்துத் தள்ளுகிறார். தடை உணரப்பட்டால் மட்டுமே இணைப்பு சரி. கண்ணால் பார்த்து "அசைகிறது" என்று விட்டுவிடுவதில்லை. இணைக்காமல் விட்ட பரப்பும் காற்றில் தானாக ஆடும். மூன்று பேர், 20 நிமிடம். இந்த வேலையை ஆளே இல்லாமல், ஏர்காரின் மோட்டார்கள் 2 நிமிடம் 15 விநாடியில் செய்கின்றன: வால் பின்னோக்கி நீளும், பக்க மூடிகள் திறக்கும், இறக்கைகள் வெளியே வந்து விரியும், பூட்டுகள் விழும்.

பூட்டில் எவ்வளவு சுமை விழுகிறது என்று ஒரு கணக்கு. 1,300 கிலோ ஊர்தி, சிறு விமானத் தரக் கட்டளை கேட்கும் 3.8 மடங்கு சுமை. ஒரு பக்க இறக்கைக்கு ஏறக்குறைய 2,470 கிலோ தூக்குவிசை. அந்த விசை வேரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளிச் செயல்படுகிறது என்றால், வேரில் வளைவுத் திருப்புவிசை 4,450 கிலோ-மீட்டர். மேல் ஊசிக்கும் கீழ் ஊசிக்கும் இடையே 15 செ.மீ. தான் இடம் என்று வைத்தால், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 டன்னைத் தாங்க வேண்டும். இதற்கு மேல் 1.5 மடங்கு பாதுகாப்பு வேண்டும். காரின் கதவுக் கீல் அளவுக்குள் அடங்க வேண்டிய இடத்தில் இத்தனை விசை.

இணைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1973 செப்டம்பர் 11 சாட்சி. ஃபோர்டு பின்டோ காரோடு செஸ்னா ஸ்கைமாஸ்டரின் இறக்கையையும் வாலையும் சேர்த்த மிசார், கலிஃபோர்னியாவில் வலது இறக்கைத் தாங்குக்கம்பியின் பொருத்துமிடம் பிய்ந்து விழுந்தது. அதைக் கண்டுபிடித்த ஹென்றி ஸ்மொலின்ஸ்கியும் கூட்டாளி ஹால் பிளேக்கும் இறந்தார்கள்.

கிளைடரை டிரெய்லருக்குள் மூடித்தான் கொண்டுவருகிறார்கள். பறக்கும் கார் சாலையில் தானே வரும். லாரி தெறிக்கும் சேறு, குளிர்காலத்தில் பனி உருகத் தூவும் உப்பு, புல் விதை, வண்டு எல்லாம் கீலுக்குள் போகும். பூட்டு விழுந்ததா என்று சொல்லும் சிறு உணர்வியின் மேல் மண் ஒட்டினால் விழாத பூட்டுக்கும் பச்சை விளக்கு எரியலாம். அதனால் விளக்கை மட்டும் நம்பாமல், வெளியே வந்து கண்ணால் காணும்படி ஊசியில் சிவப்புப் பட்டை இருக்க வேண்டும். பூட்டு முழுதாக விழுந்தால் பட்டை மறைய வேண்டும். வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டிக் கதவு இடித்த சிறு பள்ளமும் இங்கே சிராய்ப்பு அல்ல. கார்பன் இழை அடுக்குகள் உள்ளுக்குள் பிரிந்திருந்தால் மேலே தெரியாது, நாணயத்தால் தட்டிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு முரண். கார் சாலையில் நிலையாக ஓட, பின்சக்கரங்கள் எடை மையத்திலிருந்து நன்றாகப் பின்னால் இருக்க வேண்டும். விமானம் மூக்கைத் தூக்கிக் கிளம்ப, முதன்மைச் சக்கரங்கள் எடை மையத்துக்குச் சற்றே பின்னால் இருந்தால் போதும். தொலைவாக இருந்தால் வால் எவ்வளவு அழுத்தினாலும் மூக்கு எழாது, ஓடுபாதை தீர்ந்துவிடும். வால் பின்னோக்கி நீளும் அமைப்பு இதற்கு இரண்டு விதத்தில் கைகொடுக்கிறது: எடை மையம் பின்னுக்கு நகர்கிறது, வாலின் நெம்புகோல் கையும் நீள்கிறது.

3 மணிக்கு மேற்கே மேகம் எழும்பிக் கறுத்தது. கிளைடர்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினார்கள். அரை மணியில் ஆலங்கட்டி. கிளப் கூரையின் கீழ் ஒண்டியவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார் ஒரு பெரியவர், காசு வாங்கவில்லை. வேறு ஊரிலிருந்து சிறு விமானத்தில் வந்திருந்த தம்பதி, இரவு தங்க அறை தேடித் தொலைபேசியில் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்: இறக்கையை மடித்து, முகப்பு விளக்கைப் போட்டு, சாலையில் வீடு போய்ச் சேர்வது.

ஜூன் 12, வியாழன்: பியெஷ்தனி

மரம் விழுந்து சாலை அடைபட்டதில் பேருந்து தாமதம், மாற்றிப் பிடிக்க வேண்டியது போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம். லாங்கோஷ் என்ற பொரித்த மாவு ரொட்டி, மேலே பூண்டு நீரும் சீஸும், 4 யூரோ. பசிக்குச் சரியான தீனி, எண்ணெய் மட்டும் கையில் மதியம்வரை இருந்தது.

பியெஷ்தனி வாஹ் ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றும் சேறும் உள்ள மருத்துவ ஊர். மூட்டுவலிக்காரர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். பாலத்தருகே ஊன்றுகோலை முழங்காலில் வைத்து முறிக்கும் மனிதனின் சிலை. அகன்று மெல்லிய வேஃபர் பிஸ்கட்டுகள் பெட்டி பெட்டியாக விற்கின்றன.

ஊருக்கு வடக்கே உள்ள விமான நிலையத்தில்தான் 2020 அக்டோபரில் ஏர்கார் முதன்முதல் எழுந்தது. 1,500 அடி உயரம், இரண்டு முறை. பக்கத்தில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம், பழைய போர் விமானங்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. அங்கே ஒரு காக்பிட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது அளவுமானிகளின் நெரிசல் 1947-ஐ நினைவூட்டியது. அந்த நவம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே கான்வேர் 118 என்ற பறக்கும் காரில் எரிபொருள் தீர்ந்து விமானி அவசரமாகத் தரையிறக்கினார். வண்டி உடைந்தது, அவர் பிழைத்தார். அதில் சாலைக்கு ஒரு எஞ்சின், வானுக்கு ஒரு எஞ்சின், தனித்தனித் தொட்டி, தனித்தனி அளவுமானி. அவர் பார்த்தது கார் தொட்டியின் முள் என்பார்கள். ஏர்காரில் இரண்டுக்கும் ஒரே பிஎம்டபிள்யூ எஞ்சின். அந்த ஒரு முடிவே ஒரு வகை விபத்தை அடியோடு நீக்கிவிட்டது.

எரிபொருள் சாதாரண பெட்ரோல் நிலையத்தில் கிடைப்பதே. லிட்டர் 1.50 யூரோ பக்கம். ஆனால் இங்குள்ள 95 பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். உயரத்தில் குளிர்ந்தால் நீரும் எத்தனாலும் தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்கள் உப்பும். வெயிலில் நின்ற வண்டியில், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில், குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் அடைபடும். தொட்டியின் தாழ்ந்த மூலையில் வடிகுழாய், எத்தனால் தாங்கும் குழாய்கள், தொட்டிக்குள்ளேயே மின்பம்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது.

ஜூன் 13, வெள்ளி: ஸ்மொலெனிட்ஸே

மலையடிவாரக் கிராமம். இங்கே பிறந்து, அமெரிக்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1914-இல் பாராசூட் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் ஷ்டெஃபான் பானிச். திரும்பி வந்து கொத்து வேலை செய்தார். மலைமேல் உள்ள த்ரினி குகையை ஆராய உதவியவர்களிலும் ஒருவர். உள்ளே 8 டிகிரி, வெளியே 27. சட்டை மேல் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

2015 மே 8 அன்று க்ளைன் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த ஏரோமொபில் 3.0 நித்ரா அருகே கட்டுப்பாட்டை இழந்தது. ஊர்தியையே தாங்கும் பாராசூட்டை இழுத்தார், உயிர் தப்பினார். இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு ராக்கெட், பிடியை இழுத்ததும் கூரையை உடைத்து வெளியே பாய்ந்து குடையை இழுத்து விரிக்கும். முழு வேகத்தில் ஒரே அடியாக விரிந்தால் துணி கிழியும் என்பதால், கயிறுகளில் ஒரு வளையம் மெல்லக் கீழிறங்கி விரிவைத் தாமதப்படுத்தும். தரையில் மோதும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர், 3 மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுவதற்குச் சமம். சக்கரமும் இருக்கையும் நசுங்கி அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாலையில் ஓடும் வண்டியில் இதே ராக்கெட் ஓர் ஆபத்து. விபத்தில் சிக்கிய காரை வெட்டித் திறக்க வரும் தீயணைப்பு வீரருக்கு உள்ளே வெடிக்காத ராக்கெட் இருப்பது தெரிய வேண்டும். அது பாயும் கூரைப் பகுதியில் எச்சரிக்கை ஒட்டியிருப்பதும், சாலை நிலையில் பிடியில் பாதுகாப்பு ஊசி செருகியிருப்பதும், பறக்குமுன் அதை உருவ மறக்காமல் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரியாக வைப்பதும் உயிர் விஷயம்.

ஜூன் 14, சனி: மீண்டும் பிராட்டிஸ்லாவா

தன்யூப் பாலத்தின் கோபுர உச்சி, 95 மீட்டர். கீழே வார இறுதி நெரிசல். இந்த நெரிசலுக்கு மேலே தாவிப் போவதுதான் பறக்கும் கார் என்று பலர் நினைக்கிறார்கள். இறக்கை வைத்த கார் அதற்கு உதவாது, ஓடுபாதை வேண்டும். நெரிசலைத் தாவ நேரே எழ வேண்டும், அங்கே கணக்கு கடுமை. 1,000 கிலோ ஊர்தி, சுழலிகளின் மொத்தப் பரப்பு 20 சதுர மீட்டர் என்றால், அந்தரத்தில் நிற்க மட்டும் சுமார் 200 கிலோவாட் வேண்டும். அதே எடை இறக்கையில் மணிக்கு 180 கி.மீ. போக 60 கிலோவாட் போதும். 250 கிலோ மின்கலத்தில் 50 யூனிட் அடங்கும் என்றால் அந்தரத்தில் 15 நிமிடம், இறக்கையில் முக்கால் மணிக்குச் சற்று மேல். 2023 அக்டோபரில் சீனாவில் வகைச் சான்றிதழ் பெற்ற ஈஹாங் 216, இறக்கையின்றி 16 சுழலிகளில் எழுகிறது. பயணம் 30 கி.மீ. தான். சென்னை ஐஐடியில் பிறந்த ஈபிளேன் நிறுவனம் செங்குத்துச் சுழலிகளோடு இறக்கையும் வைத்து வடிவமைப்பது இந்தக் கணக்குக்காகத்தான். நேரே எழும் ஊர்திகளை உருவாக்கிய ஜெர்மனியின் லிலியமும் வோலோகாப்டரும் 2024 இறுதியில் திவாலாயின. வோலோகாப்டரை வாங்கிய டைமண்ட் ஏர்கிராஃப்ட் இங்கிருந்து கண்ணுக்கெட்டும் ஆஸ்திரிய எல்லைக்கு அப்பால், வீனர் நொய்ஷ்டாட்டில் இருக்கிறது.

நித்ராவிலிருந்து இங்கே வர ஏர்கார் லாபமா? வீட்டிலிருந்து திடலுக்கு 15 நிமிடம், மாற்றிச் சரிபார்க்க 25, எஞ்சின் சோதிக்க 10, பறக்க 35, இறங்கி ஓரம்கட்டி மடிக்க 10, நகருக்குள் 25. இரண்டு மணி நேரம். பேருந்து இதை வெல்கிறது. பிராட்டிஸ்லாவாவிலிருந்து நாட்டின் கிழக்கே உள்ள கோஷிட்ஸே போவது வேறு கதை. நேர்க்கோட்டில் ஏறக்குறைய 310 கி.மீ., மணிக்கு 170-இல் 1 மணி 50 நிமிடம். முன்னும் பின்னும் சேர்த்தால் மூன்றேகால் மணி. ரயிலில் 5 மணி நேரத்துக்கு மேல், இடையே மலைகள், நெடுஞ்சாலை இன்னும் முழுதாக முடியவில்லை. வழியில் இடிமேகம் வளர்ந்தால் 35 கி.மீ. விலகியே இருக்க வேண்டும். சாதாரணச் சிறு விமானக்காரர் அப்போது ஏதாவது ஒரு திடலில் இறங்கி மறுநாள்வரை உட்காருவார். அல்லது உட்காரப் பொறுக்காமல் மேகத்துக்குள் போவார், சிறு விமானங்களில் பல உயிர்கள் அப்படித்தான் போகின்றன. இறங்கி, மடித்து, மீதியைச் சாலையில் போகலாம் என்ற வசதி அந்த முடிவை எளிதாக்குகிறது. ஏர்காருக்கு என் மனதில் இருக்கும் பெரிய மதிப்பு இதுதான், வேகம் அல்ல.

ஓட்ட வேண்டியவருக்கு கார் உரிமம் போக, ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 45 மணி நேரப் பயிற்சி பெற்ற தனிவிமானி உரிமமும் மருத்துவச் சான்றும் வேண்டும். 2022 ஜனவரியில் ஸ்லோவாக்கியப் போக்குவரத்து ஆணையம் ஏர்காருக்குப் பறக்கத்தகு சான்று கொடுத்தது 70 மணி நேரப் பறத்தலுக்கும் 200-க்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்களுக்கும் பிறகு. போன மாதம் விற்பனை மாதிரியைக் காட்டினார்கள்: 280 குதிரைத்திறன், விலை 8 லட்சம் டாலரிலிருந்து. அது கைக்கு வரும்போது பராமரிப்புக் கையேட்டில் இறக்கைக் கீலின் ஊசிகளை எத்தனை மடிப்புக்கு ஒருமுறை கழற்றி விரிசல் பார்க்கச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தேடிப் படியுங்கள். விலையை அதன் பிறகு பேசலாம்.